இத்தாவுக்கு எந்த லீவு?

பல்கலைக்கழகத்தில் மேற்படிப்புக்குப் பேர் பதிந்த அன்று கிளாக்கர் என் கையில் ஒரு விதிப்புத்தகத்தைத் தந்தார். ரோனியோவில் அடித்து, ஓரத்தில் கம்பி குத்திய இங்கிலீஷ் புத்தகம். "எல்லாம் இதில இருக்கு மிஸ், வாசிச்சுப் பாருங்க" என்றார். எல்லாம் இருந்தது. அதுதான் தொல்லையாகவும் போனது.

முழுநேர மாணவி தவணை நடக்கும்போது வளாகத்துக்கு வெளியே தங்கக் கூடாது என்று ஒரு விதி. ஆராய்ச்சிக்காகத் தங்கலாம், ஆனால் பேராசிரியரின் அனுமதி வேண்டும் என்று அடுத்த விதி. அந்த அனுமதி பீடாதிபதி கையொப்பம் வைத்தால்தான் செல்லும், பீடாதிபதி தவணைக்குள்தான் கையொப்பம் வைப்பார் என்று அதற்கடுத்தது. என் ஆராய்ச்சியோ கிணறுகளைப் பற்றியது. கிணறு எழுந்து வளாகத்துக்குள் வருமா? அவை தம்புள்ளைப் பக்கத்திலும் சீகிரியாப் பக்கத்திலும் இருந்த இடத்திலேயே இருந்தன. வறட்சியில் எந்தக் கிணறு வற்றுகிறது, எது வற்றாமல் நிற்கிறது, ஏன் நிற்கிறது என்று பார்ப்பதுதான் என் வேலை. வறட்சி என்ன தவணை பார்த்தா வரும்?

புத்தகத்தின் பின்பக்கத்தில் மாணவர் நலன் என்று ஒரு பகுதி. ஆலோசகர், சுகாதார நிலையம், பெண்கள் விடுதி வார்டன், உதவிப் பணம் என்று வரிசையாகப் போட்டிருந்தார்கள். எந்தக் கஷ்டத்துக்கு யாரிடம் போவது என்று மட்டும் போடவில்லை. தலை சுற்றிப்போன ஒரு நாள் ஆலோசகரிடம் போனேன். அவர் வார்டனிடம் போகச் சொன்னார். வார்டன் தங்கமான மனுசி, தேத்தண்ணீர் தந்து, தோளைத் தட்டிக்கொடுத்து, கிளாக்கரிடம் அனுப்பினார். கிளாக்கர் மூக்குக் கண்ணாடிக்கு மேலால் என்னைப் பார்த்து, "ஏன் மிஸ், புத்தகத்த வாசிக்கலையா?" என்றார். எனக்கு வந்த கோபத்தில் அந்தப் புத்தகத்தை அவர் மேசையிலேயே வீசிவிட்டு வந்திருப்பேன். ஆனால் வேறு பிரதி கேட்டால் அதற்கும் ஒரு விதி இருக்குமே என்று பயந்து எடுத்துக்கொண்டு வந்தேன்.

அந்தப் புத்தகத்தைச் சந்தோசமாக வாசித்த ஒரே ஆள் என் மாப்பிள்ளை. எங்கள் பேச்சில் கணவனுக்கு மாப்பிள்ளை என்றுதான் சொல்வோம், கலியாணம் முடிந்து பத்து வருசம் போனாலும் மாப்பிள்ளைதான். அவர் மாத்தளை டவுனில் ஒரு பள்ளிக்கூடத்தில் கணக்குப் படிப்பித்தார். விதிகளைக் கணக்குப் போல வாசித்து, "இது அதுல போய் முட்டுது, அது திரும்ப இதுல வந்து முட்டுது, வெடயே இல்ல" என்று வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிப்பார். பிறகு என் தலையில் ஒரு குட்டு வைத்து, "நீ கிணத்தப் பாரு, விதிய நான் பாத்துக்கொள்றேன்" என்பார்.

பார்க்கவும் செய்தார். லீவு நாட்களில் என்னோடு பஸ் ஏறித் தம்புள்ளைக்கு வருவார். கயிற்றில் கல்லைக் கட்டிக் கிணற்றுக்குள் விட்டு ஆழம் பார்ப்பது அவர் வேலை, எழுதுவது என் வேலை. ஊர்ப் பிள்ளைகள் சுற்றி நின்று, கல்லை விட்டு மீன் பிடிக்கிற மாஸ்டரைப் பார் என்று கத்துவார்கள். வீட்டுக்கு வந்தால் மாமியின் பேச்சு வேறு. மாமி என்றால் அவருடைய உம்மா. இளம் வயதில் விதவையாகி, ஒரே மகனை ஜாதிக்காய் உடைத்தும் மிளகு காயவைத்துக் கொடுத்தும் படிக்கவைத்தவர். "மத்த மாப்புளமார் பொஞ்சாதிக்குச் சீத்தத் துணி வாங்கிக் குடுப்பாங்க. என்ட மகன் பாரு, கிணறு கிணறாக் கொண்டுபோய்க் காட்டுறான்" என்று அடுப்படியிலிருந்து சொல்வார். குரலில் குத்தலும் இருக்கும், செல்லமும் இருக்கும். எது எவ்வளவு என்று எனக்கு ஒருநாளும் பிடிபட்டதில்லை.

அந்த வருசத்து வறட்சியில் அவருக்கு நெருப்புக்காய்ச்சல் வந்தது, கெட்ட தண்ணீரால் வரும் டைபாய்டு. மாத்தளை ஆஸ்பத்திரியில் வைத்து மௌத்தாகிவிட்டார். அதைப் பற்றி அதற்குமேல் எழுத எனக்கு முடியாது, இத்தனை வருசத்துக்குப் பிறகும் முடியவில்லை. ஜனாஸாவை எடுத்துக்கொண்டு போன பிறகு மாமி சொன்ன ஒன்றை மட்டும் எழுதுகிறேன். "ஒன்ட கிணறுதான் என்ட புள்ளயக் குடிச்சது."

நாங்கள் போன இடமெல்லாம் குடிக்கத் தண்ணீர் தந்தார்கள், வாங்கிக் குடித்தோம். நானும்தான் குடித்தேன். எனக்கு ஒன்றும் வரவில்லை. ஏன் வரவில்லை என்று அன்றைக்கும் விளங்கவில்லை, இன்றைக்கும் விளங்கவில்லை.

அன்றிலிருந்து நான் இத்தா. கணவன் மௌத்தானால் மனைவி நாலு மாதமும் பத்து நாளும் வீட்டுக்குள்ளேயே இருக்க வேண்டும். வெள்ளை உடுப்பு. கட்டிக்கொள்ளும் முறையுள்ள ஆண் யாருடைய கண்ணிலும் படக் கூடாது. எங்கள் ஊரில் அந்தக் காலத்தில் இதை மிகக் கடுமையாகப் பார்த்தார்கள். எனக்கென்று ஒரு அறையை ஒதுக்கி, ஜன்னலில் துணி தொங்கவிட்டார்கள். வயிற்றில் பிள்ளை இருக்கிறதா இல்லையா என்று தெரிந்துகொள்ளவும்தான் இந்தக் காலம் என்று பெரியவர்கள் சொல்வார்கள். முதல் மாதம் முடிய மாமி வந்து என் கட்டிலில் உட்கார்ந்து, தரையைப் பார்த்துக்கொண்டு, "ஏதாச்சும் ஈக்கா மகள்?" என்று கேட்டார். "இல்ல மாமி" என்றேன். அவர் எழுந்து போனார். அதற்குப் பிறகு கேட்கவில்லை.

துக்கத்துக்கு நடுவில் விதிப்புத்தகம் என் தலைமாட்டில் கிடந்தது. அதில் ஒரு விதி எனக்கு மனப்பாடம். ஒரு தவணை முழுக்க லீவு இல்லாமல் வராமல் இருந்தால் பேர் வெட்டப்படும், வெட்டிய பேரைத் திரும்பப் பதிய முடியாது. என் பேராசிரியரும் முன்பே சொல்லியிருந்தார், "வேறெதையும் சமாளிக்கலாம், இதை மட்டும் என்னால் ஒன்றும் செய்ய முடியாது" என்று. நாலு மாதமும் பத்து நாளும் என்றால் ஒரு தவணை அப்படியே போய்விடும். படிப்புப் போனால் எனக்கு என்ன மிஞ்சும்? அவர் கயிறு பிடித்து அளந்த கிணறெல்லாம் எதற்கு? மாமியின் வீட்டில் மிளகு காயவைத்துக்கொண்டு, என் கிணறுதான் குடித்தது என்று வாழ்நாள் முழுக்கக் கேட்டுக்கொண்டிருக்க வேண்டியதுதான். எனக்கு அந்தப் பேர் வேண்டும். பிடிவாதமாக வேண்டும்.

லீவு எதற்கெல்லாம் தரலாம் என்று பார்த்தேன். மூன்றே மூன்று காரணம். ஒன்று நோய். எனக்கு நோய் இல்லை. இரண்டு அரசாங்க வேலை. அதுவும் இல்லை. மூன்றாவது, 'கன்ஃபைன்மென்ட்'.

அந்தச் சொல் எனக்கு நல்ல பழக்கம். என் பாடத்திலேயே வரும். இரண்டு பாறைப் படைகளுக்கு நடுவில் வெளியேற வழியில்லாமல் அடைபட்டுக் கிடக்கும் நிலத்தடி நீருக்கு இங்கிலீஷில் அந்த வேர்ச்சொல்லைத்தான் போடுவார்கள். வற்றாத கிணறுகளின் இரகசியமே அந்த அடைபட்ட நீர்தான் என்று நானே இருபது பக்கம் எழுதிவைத்திருந்தேன். ஆக, கன்ஃபைன்மென்ட் என்றால் அடைந்திருப்பது. இத்தா என்றால் வேறென்ன? அடைந்திருப்பதுதானே! யா அல்லாஹ், எங்கேயோ இருந்த ஒரு வெள்ளைக்காரன் எங்களுடைய பெண்களை நினைத்து ஒரு விதி எழுதியிருக்கிறானே என்று எனக்கு அழுகையே வந்துவிட்டது. என் மாப்பிள்ளையின் அகராதி எட்டிப்பிடிக்கும் தூரத்தில்தான் இருந்தது. தெரிந்த சொல்லுக்கு யார் அகராதி பார்ப்பார்கள்?

வாப்பா இல்லாத எனக்கு எல்லாம் நானாதான், என் மூத்த சகோதரர். டவுனில் ஒரு கடையில் கணக்கெழுதிக்கொண்டிருந்தார். அவரைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவருக்கும் பெரிய சந்தோசம். விபரமாக எழுதவா என்று கேட்டேன்.

"மிச்சம் எழுதாத தங்கச்சி. ஆபீஸ்காரன் ரெண்டு வரிக்கு மேல வாசிக்க மாட்டான். விதியில என்ன சொல்லு ஈக்குதோ அதையே போடு. நம்மட கதையெல்லாம் அவனுக்கு எதுக்கு?"

சரிதான் என்று பட்டது. இன்ன தேதியிலிருந்து நாலு மாதமும் பத்து நாளும் நான் கன்ஃபைன்மென்டில் இருக்கிறேன், லீவு தரவும் என்று எழுதி, கையொப்பம் வைத்து நானாவிடம் கொடுத்தேன். தேதியை இவ்வளவு கணக்காகப் போட்டதைப் பார்த்து அந்தக் கிளாக்கர் என்ன நினைத்திருப்பார் என்று பிறகுதான் எனக்கு யோசனை வந்தது.

பதில் வந்தது. லீவு தரலாம். பல்கலைக்கழகம் மகிழ்ச்சி தெரிவிக்கிறது. வீட்டில் இருந்தால், பெண் அதிகாரி ஒருவர் நேரில் வந்து பார்த்து எழுதித்தந்த பிறகே லீவு உறுதியாகும்.

மகிழ்ச்சி என்ற இடத்தில் நான் கொஞ்சம் தடுமாறினேன். "அது எல்லாத்துக்கும் போடுற சொல்லு" என்றார் நானா. "அவங்க மௌத்துக்கும் மகிழ்ச்சிதான் தெரிவிப்பாங்க." வந்து பார்ப்பதும் எனக்கு நியாயமாகத்தான் பட்டது. அடைந்திருக்கிறேன் என்றால் அடைந்திருக்கிறேனா என்று பார்க்கத்தானே வேண்டும். நானா இந்த விசயத்தை மாமியிடம் சொல்ல, மாமி ஜன்னல் துணியை இன்னும் கீழே இறக்கிவிட்டார்.

வந்தது அந்தத் தங்கமான வார்டன். ஒரு மத்தியானம், கையில் ஒரு பொட்டலத்தோடு, கண்டியிலிருந்து பஸ்ஸில் வந்த வியர்வையோடு வந்தார். நான் வெள்ளையுடுத்துக் கட்டிலில் இருந்தேன். மாமி கதவோரம் ஒரு முக்காலியில் உட்கார்ந்தார். வார்டனுக்குச் சிங்களம்தான். எங்கள் இரண்டு பேருக்கும் சிங்களம் தெரியும். சிங்களத்தில் யார், எது என்று சொல்லாமலே ஒரு மணித்தியாலம் பேசிக்கொண்டிருக்கலாம். அன்றைக்கு அப்படித்தான் நடந்தது.

அறையைச் சுற்றிப் பார்த்து, "உங்களுடைய வழக்கம் இப்படியா? வெள்ளையெல்லாம் உடுத்து, இருட்டில்?" என்றார்.

"ஆமாம், இப்படித்தான்" என்றேன்.

"ஆஸ்பத்திரியிலா நடந்தது?"

"மாத்தளை ஆஸ்பத்திரியில்."

"ரொம்ப வேதனையோ?"

"கடைசி இரவுதான் ரொம்ப."

"பாவம். அப்படித்தான் இருக்கும்." மாமியின் பக்கம் திரும்பினார். "மகன்தானே?"

"ஒரே மகன்" என்றார் மாமி. சொல்லும்போதே அழுதுவிட்டார். வார்டன் எழுந்து போய் மாமியின் கையைப் பிடித்து, சிரித்த முகத்தோடு தட்டிக்கொடுத்தார். இந்த மனுசி ஏன் சிரிக்கிறார் என்று எனக்குத் திக்கென்றது. பிறகு என்னிடம் வந்து, "இது முதலாவதுதானே. வயது கிடக்கிறது. இன்னும் வரும்" என்றார்.

எனக்கு இரத்தம் கொதித்தது. கபுறு மண் காயவில்லை, அதற்குள் அடுத்த மாப்பிள்ளையைப் பற்றிப் பேசுகிறாளே! "எனக்கு ஒன்று போதும்" என்று வெட்டினாற்போல் சொன்னேன். "எல்லாரும் முதலில் அப்படித்தான் சொல்வார்கள்" என்று அவர் இன்னும் பெரிதாகச் சிரித்தார்.

பிறகு பொட்டலத்தைப் பிரித்தார். ஒரு சவர்க்காரம். ஒரு சோடி காலுறை, என் பெருவிரலுக்குத்தான் போடலாம். மஞ்சள் நூலில் பின்னிய ஒரு குல்லா, ஒரு தோடம்பழத்துக்குப் போடும் அளவு. நான் அவற்றைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். வார்டன் கைப்பையிலிருந்து ஒரு தாளையும் பேனாவையும் எடுத்தார்.

"நேரில் பார்த்தேன் என்று எழுதிக்கொடுத்தால்தான் லீவு சரியாகும். இல்லாவிட்டால் பேரை எடுத்துவிடுவார்கள், அந்த ஆபீஸ்காரர்களைத்தான் தெரியுமே. எங்கே, ஒரு தடவை பார்த்துவிட்டுப் போகிறேன். பபா கோ?"

பிள்ளை எங்கே என்றால் மாத்தளையில் யாருக்கு விளங்காது? எல்லாம் ஒரே நேரத்தில் என் தலையில் விழுந்தது. மகிழ்ச்சி தெரிவிக்கிறது. ஒரே மகன். முதலாவதுதானே. கன்ஃபைன்மென்ட்! எனக்குச் சிரிப்பு வந்ததா அழுகை வந்ததா தெரியவில்லை, வாய் மட்டும் திறந்தது. இல்லை, பிள்ளை இல்லை, என் மாப்பிள்ளைதான் இல்லை என்று சொல்லப் போனேன்.

"பபா நிதி" என்றார் மாமி.

பிள்ளை தூங்குகிறது.

சிங்களத்தில் தெளிவாக, கண்ணைத் துடைத்துக்கொண்டு, பக்கத்து அறைப் பக்கம் தலையை ஆட்டிச் சொன்னார். வார்டன் உடனே வாயில் கையை வைத்துக்கொண்டார். "ஐயோ, எழுப்ப வேண்டாம், எழுப்ப வேண்டாம்" என்று கிசுகிசுத்தார். அந்த நிமிசத்திலிருந்து அவர் ஒரு வார்த்தையும் உரக்கப் பேசவில்லை. மடியில் வைத்து எழுதினார், தாயும் பிள்ளையும் சுகம் என்று. என் நெற்றியைத் தடவினார். செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு, நுனிக்காலில் நடந்து வாசலுக்குப் போனார். அந்த நடையை நினைத்தால் இப்போதும் எனக்கு என்னமோ செய்யும்.

அவர் போனதும் நான் வெடித்தேன். "என்ன மாமி இது! ஏன் அப்பிடிச் சொன்னீங்க? இல்லாத புள்ள எப்பிடி மாமி தூங்கும்?"

மாமி அந்தக் குல்லாவை மடியில் வைத்துக்கொண்டு இருந்தார். "மெல்லப் பேசு மகள்" என்றார்.

தெருவுக்குக் கேட்கும் என்றா? இல்லை, வேறு எதற்காகவா? "மாமி, ஒங்களுக்குத் தெரியும்தானே, ஒண்ணும் இல்லேன்னு நான் அன்டைக்கே சொன்னேன்தானே?"

"எனக்கென்ன பைத்தியமா?" என்று சீறினார். "ஒனக்குப் பேரு வேணுமா, வேணாமா?" என்று கேட்டுவிட்டு எழுந்து போனார். போகும்போது சவர்க்காரத்தையும் காலுறையையும் என் கட்டிலில் வைத்தார். குல்லாவை வைக்கவில்லை.

கிணறு வெட்டப் பூதம் புறப்பட்டது என்பார்களே, அந்தப் பூதம் என் தலைமாட்டில் வந்து உட்கார்ந்துவிட்டது. அன்றைக்குத்தான் அகராதியை எடுத்துப் பார்த்தேன். முதலாவது பொருள் அடைந்திருத்தல். இரண்டாவது பொருள் பிரசவம். அவர் உயிரோடு இருந்திருந்தால் கேட்டிருப்பேன், உடனே சொல்லியிருப்பார், ஒரு வாரத்துக்குச் சொல்லிச் சொல்லிச் சிரித்திருப்பார். அவர் உயிரோடு இருந்திருந்தால் அந்தச் சொல்லே எனக்குத் தேவைப்பட்டிருக்காது.

நானாவைக் கூப்பிட்டு, ஆபீசுக்குப் போய் உண்மையைச் சொல்லிவிட்டு வரும்படி கெஞ்சினேன். போனார். போனவர் பொழுது சாயும் நேரத்தில், பஸ்ஸில் யாரோடோ சண்டை பிடித்தவர் போல வந்து சேர்ந்தார்.

"இத்தாண்டு சொன்னேன். அப்பிடி ஒண்டு விதியில இல்லேங்கிறான். மௌத்தாப் போன ஆளுக்காக லீவு இல்லையாண்டு கேட்டேன். நோய் ஈக்கி, உத்தியோகம் ஈக்கி, பிரசவம் ஈக்கி, மௌத்து இல்லேங்கிறான். அப்ப எழுதினத வெட்டுங்கண்டேன். வெட்டலாம், வெட்டினா லீவு இல்ல, லீவு இல்லாட்டி பேரு இல்ல, வெட்டவாண்டு பேனாவத் தூக்கிப் பிடிச்சிக்கிட்டுக் கேக்குறான்!"

"நீங்க என்ன சொன்னீங்க நானா?"

"நான் என்ன சொல்றது? ஓடி வந்துட்டேன்." முகத்தைத் துடைத்தார். "பொறக்காத புள்ளைக்குப் பேரு வைக்கிற கதையா ஈக்கி. ஆனா ஒண்டு தங்கச்சி, அந்தக் கிளாக்கர் நல்ல மனுசன். வாசல் வரைக்கும் வந்து, 'இத நான் கேக்கல, நீங்க சொல்லவும் இல்ல'ண்டு சொல்லிட்டுத்தான் போனான்."

அந்தப் பல்கலைக்கழகத்தில் எனக்குக் கிடைத்த மாணவர் நலன் அதுதான் என்று நினைக்கிறேன். அது உதவியா, உபத்திரவமா என்று எப்படி யோசித்தாலும் எனக்கு ஒரு முடிவுக்கு வர முடியவில்லை.

மிச்ச நாட்களில் மாமி எப்போதும் போலத்தான் இருந்தார். மிளகு புடைத்தார், தொழுதார், எனக்குக் கஞ்சி கொண்டுவந்து வைத்தார். கிணற்றைப் பற்றி ஒரு சொல் சொல்லவில்லை. ஆனால் ஒரு நாள் ஜன்னல் துணியின் இடுக்கால் பார்த்தேன், பின்வாசல் கொடியில் அந்த மஞ்சள் குல்லா கழுவிக் காயப் போட்டிருந்தது. புதுக் குல்லாவை ஏன் கழுவ வேண்டும்? இன்னொரு நாள் நான் அறையில் சத்தமாகக் குர்ஆன் ஓதிக்கொண்டிருந்தபோது, வெளியே இருந்து "ஷ்ஷ்" என்று ஒரு சத்தம் கேட்டது. கோழியை விரட்டினாரோ என்னமோ. கோழிக்கு "சூ" என்றுதானே சொல்வார்? எழுந்து போய்க் கேட்க எனக்குத் தைரியம் இல்லை. கேட்டு, கோழிதான் என்று சொல்லிவிட்டால் நான் ஆறுதல் அடைவேனா, துக்கப்படுவேனா என்றுகூடத் தெரியவில்லை.

இத்தா முடிந்தது. குளித்து, தொழுது, வர்ணச் சீலை உடுத்தேன். உடுத்ததும் அழுதேன். அடுத்த நாள் காலை கண்டி பஸ்ஸைப் பிடிக்க வேண்டும். இரவெல்லாம் யோசித்து ஒரு முடிவு எடுத்திருந்தேன். வார்டனிடம் நேரே போய்ச் சொல்லிவிடுவது, பேர் போனால் போகட்டும். அல்லாஹ் மேல் ஆணையாகப் பொய்யில் ஒரு பட்டம் எனக்கு வேண்டாம். சிங்களத்தில் இரண்டே சொல்தான், "பபெக் நே." பிள்ளை இல்லை. அதைச் சொல்லிச் சொல்லிப் பார்த்தேன். சவர்க்காரத்தையும் காலுறையையும் பையில் வைத்தேன், திருப்பிக் கொடுக்க. குல்லாவைக் காணவில்லை.

விடிந்தபோது மாமி அடுப்படியில் இருந்தார். வாசலில் நின்று, "மாமி, அந்தக் குல்லா" என்றேன்.

அவர் திரும்பவில்லை. அடுப்பை ஊதிக்கொண்டிருந்தார். "அது எதுக்கு ஒனக்கு?"

"வார்டன்ட குடுக்கணும். உண்மையச் சொல்லப் போறேன் மாமி."

இன்னும் ஒரு தடவை அடுப்பை ஊதினார். பிறகு சாம்பலைத் தட்டிக்கொண்டு எழுந்தார். என் பக்கம் பார்க்காமலே, சீலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்தார். புகைக்கா, அழுகைக்கா, யார் கண்டது.

"பஸ்ஸு போயிரும். நீ போ மகள். போய் அவன்ட கிணத்தப் படிச்சி முடி." ஒன்ட கிணறு என்று சொல்லவில்லை, அவன்ட கிணறு என்றார். பிறகு, சாதாரணமாக, கறிக்கு உப்புப் பார்க்கச் சொல்வது போல, "புள்ளய நான் பாத்துக்கொள்றேன்" என்றார்.

அக்குறணை தாண்டிப் போகும் வரைக்கும் அந்தச் சொல்லையே நினைத்துக்கொண்டு போனேன். எந்தப் பிள்ளையை? கேலி பண்ணினாரா? எனக்குத் தைரியம் சொன்னாரா? இல்லை, நிஜமாகவே அந்த வீட்டின் ஏதோ ஒரு மூலையில் அவருக்கு ஒரு பிள்ளை தூங்குகிறதா? எனக்கு ஒன்றுமே விளங்கவில்லை. கண்டியில் இறங்கி அடுத்த பஸ் ஏறினேன். பபெக் நே, பபெக் நே என்று வாய் தன்பாட்டுக்குச் சொல்லிக்கொண்டே வந்தது.

விடுதி வாசலில் வார்டன் நின்றார். என்னைக் கண்டதும் இரண்டு கையையும் விரித்துக்கொண்டு ஓடி வந்தார். என் தோளுக்குப் பின்னால், என் பைக்குப் பின்னால் எட்டிப் பார்த்தார்.

"தனியாகவா வந்தாய்? பபா யாரிடம்?"

வாயைத் திறந்தேன்.

"மாமியிடம்" என்றேன்.